ஒரே கடலில் நான்கு காற்று: ஓர் எண்ணெய் வண்ணக் கப்பல் ஓவியத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நான் வரைந்த ஒரு கடற்காட்சி. 60 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட கேன்வாஸில், இடப்பக்கம் அருகில் ஒரு பிரிக்கும் வலப்பக்கம் தொலைவில் ஒரு பார்க்கும் காலை வெளிச்சத்தில் பாய் விரித்துச் செல்வதாக அமைத்திருந்தேன். பிரிக் என்பது இரண்டு பாய்மரங்களிலும் குறுக்குப் பாய் கட்டிய கப்பல். இங்குள்ள பார்க், முன்னிரு மரங்களில் குறுக்குப் பாயும் கடைசி மரத்தில் நீளவாக்குப் பாயும் கொண்ட மூன்று மரக் கப்பல். அடிப்பூச்சு முதல் கயிறுகள் வரை முடிக்க ஏழு வாரங்கள் ஆயின. பார்த்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே சொற்களையே சொன்னார்கள்: கப்பல்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஏதோ ஒன்று இடிக்கிறது. எது இடிக்கிறது என்று யாராலும் சுட்ட முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதால், எல்லோரும் செய்வதைப்போல நானும் கப்பலின் உடற்பகுதியையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன்.

குறையைக் கண்டுபிடித்தவர் ஓவியர் அல்லர். பல ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஓவியத்தின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, "தம்பி, பாய் ஒரு பக்கம் காற்று என்கிறது, கொடி வேறு பக்கம் என்கிறது. சுக்கான் பிடிப்பவன் எதை நம்புவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே, இதுவரை நான் கப்பலைத்தான் வரைந்திருக்கிறேன், காற்றை வரையவேயில்லை என்பது புரிந்தது.

காற்றின் சாட்சிகள்

காற்றை நேரடியாக வரைய முடியாது. அது படும் பொருள்களின் வழியாகவே அதைச் சொல்ல முடியும். பாய்களின் உப்பல், கொடியின் திசை, கப்பலின் சாய்வு, அலை முகடுகளின் ஓட்டம் ஆகிய அனைத்தும் ஒரே காற்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவை. என் ஓவியத்தில் அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, ஒவ்வொரு சாட்சியும் வேறு வேறு கதை சொன்னது.

பிரிக் படத்தின் வலப்பக்கம் நோக்கிச் செல்கிறது. அதன் பாய்கள் அணியத்தை நோக்கி, அதாவது கப்பலின் முன்முனையை நோக்கி, நன்றாக உப்பியிருந்தன. எனவே காற்று இடப்பக்கத்திலிருந்து, கப்பலின் பின்னாலிருந்து வீசுகிறது. ஆனால் மரத்தின் உச்சியில் இருந்த கொடி, ஓடும் மோட்டார் வண்டியில் கட்டிய கொடியைப்போல பின்னோக்கி இடப்பக்கம் பறந்தது. பின்னாலிருந்து வரும் காற்றில் ஓடும் பாய்க்கப்பலின் கொடி முன்னோக்கித்தான் பறக்கும். காற்றே கப்பலைத் தள்ளுவதால், அந்த நிலையில் கப்பல் காற்றை விட மெதுவாகவே செல்கிறது. இயந்திர வாகனங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அதனால்தான் இந்தப் பிழை எளிதில் நேர்கிறது. மூன்றாவதாக அலைகள். அவை அடிவானத்திலிருந்து பார்ப்பவரை நோக்கி உருண்டு வந்தன. காற்றெழுப்பும் அலைகள் காற்று போகும் திசையிலேயே ஓடுபவை ஆதலால், அவை சொன்ன காற்று பாய்கள் சொன்ன காற்றுக்குக் குறுக்கே இருந்தது.

நான்காவது சாட்சியான பார்க்தான் மிக மோசமானது. இரண்டு கப்பல்களும் எதிரெதிரே வந்தால் படம் சமநிலை பெறும் என்பதற்காக அதை இடப்பக்கம் நோக்கித் திருப்பி, அதன் பாய்களையும் அணியத்தை நோக்கியே உப்ப வைத்திருந்தேன். பிரிக்கின் பாய்களை நிரப்பும் காற்று இடப்பக்கத்திலிருந்து வருமானால், பார்க் அந்தக் காற்றின் முகத்துக்கு நேரே போகிறது. குறுக்குப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 67 பாகைக்கு மேல் நெருங்க முடியாது. அதற்கு மேல் திரும்பினால் பாய்கள் படபடத்து மரத்தோடு பின்னுக்கு அழுந்தும். கப்பல் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும்.

ஓவியர்கள் பிழை தேடக் கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். நானும் பலமுறை பார்த்திருந்தேன். முகத்தின் கோணலையோ மரத்தின் சாய்வையோ கண்ணாடி உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் காற்றின் முரண்பாட்டை அது காட்டாது. பாய், கொடி, அலை எல்லாம் ஒன்றாகவே திரும்பிவிடுவதால் முரண்பாடும் பத்திரமாகத் திரும்பி நிற்கும்.

இரண்டு கண்கள் பார்த்த அடிவானம்

காற்றைப் பற்றி விசாரித்தபோது இரண்டாவது குறையும் வெளிப்பட்டது. பார்க் நீரில் மிதக்காமல் வெட்டி ஒட்டியதுபோல் இருந்ததற்கு விளிம்புகளின் கூர்மையே காரணம் என்று நினைத்து, அவற்றை மென்மையாக்கியும் பயன் இல்லாமல் இருந்தது. காரணம் அளவில் இருந்தது.

கடற்காட்சியில் அடிவானம் பார்ப்பவரின் கண் உயரத்தில் அமைகிறது. கண் நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்குமானால், அருகில் உள்ள கப்பலானாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள கப்பலானாலும், அடிவானக் கோடு அவற்றை நீர்க்கோட்டிலிருந்து 6 மீட்டர் உயரத்திலேயே வெட்டும். பூமியின் வளைவு காரணமாக நீர்க்கோடு மறையத் தொடங்குவது அடிவானத்துக்கு அப்பால்தான். 6 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்கு அடிவானம் 8.7 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே என் படத்தின் தூரங்களுக்கு வளைவைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பிரிக்கின் பாய்மரத்தை நீரிலிருந்து 30 மீட்டர் உயரம் என்று கொண்டிருந்தேன். கேன்வாஸில் அது 35 செ.மீ. அடிவானம் அதன் நீர்க்கோட்டுக்கு மேல் 7 செ.மீ. உயரத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கில், வெட்டியது. ஆகவே பார்ப்பவரின் கண் 6 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய இன்னொரு கப்பலின் மேல்தளத்தில் இருக்கிறது. பார்க்கின் மரம் 40 மீட்டர்; கேன்வாஸில் 8 செ.மீ. அதே கண்ணுக்கு அடிவானம் அதன் நீர்க்கோட்டிலிருந்து 1.2 செ.மீ. மேலே வெட்டியிருக்க வேண்டும். நான் வரைந்திருந்ததோ வெறும் 2 மி.மீ. அந்தக் கப்பலைப் பார்த்த கண் நீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில், நீந்துகிறவனின் தலையைவிடச் சற்றே மேலே இருந்திருக்கிறது. இரண்டு பேர் பார்த்த இரண்டு கடல்களை ஒரே கேன்வாஸில் சேர்த்திருக்கிறேன்.

தொலைவில் உள்ள கப்பலை அடிவானக் கோட்டின் மேலேயே உட்கார வைப்பது எல்லோருக்கும் கை தானாகச் செய்யும் வேலை. தொலைவு என்றால் அடிவானம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் 8 செ.மீ. உயரத்துக்கு வரையப்பட்ட கப்பல் அவ்வளவு தொலைவில் இல்லை. பிரிக் 150 மீட்டர் தள்ளி இருந்தால் இது 900 மீட்டருக்குள் இருக்கிறது. அதற்கும் அடிவானத்துக்கும் இடையே இன்னும் பல கிலோமீட்டர் கடல் இருக்கிறது, அந்தக் கடல் அதன் பின்னால் தெரிந்தாக வேண்டும்.

கடலின் வேகமும் பாய்களின் எண்ணிக்கையும்

காற்றின் திசையைப்போலவே அதன் வலிமையும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இதை அளக்க நான் எடுத்துக்கொண்டது பியூஃபோர்ட் அளவுகோல். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்த இந்த அளவுகோல், இன்று காற்றின் வேக எண்களாக அறியப்பட்டாலும், தொடக்கத்தில் ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரிக்க முடியும் என்பதை வைத்தே அமைந்திருந்தது. 5-ஆம் எண் காற்றில் உச்சியில் உள்ள ராயல் பாய்கள் வரை தாங்கும். 6-இல் கீழிருந்து இரண்டாம் அடுக்குப் பாய்களான டாப்செயில்களை ஒரு மடிப்புச் சுருக்கி, அவற்றின் மேல் டாப்கேலன்ட் பாய்களை வைத்துக்கொள்ளலாம். 8-இல் டாப்செயில்களையே மூன்று மடிப்புச் சுருக்க வேண்டும். 12-இல் எந்தத் துணியும் நிற்காது. பாய்க்கப்பல் வரைகிறவனுக்கு இதைவிடப் பயனுள்ள அட்டவணையை நான் பார்த்ததில்லை, ஏனெனில் கடலையும் பாயையும் அது ஒரே வரியில் கட்டிப்போடுகிறது.

என் பிரிக்கின் அருகே அலைகள் அடிக்குழியிலிருந்து முகடுவரை 7 செ.மீ. இருந்தன. கப்பலின் அளவுப்படி அது 6 மீட்டர். நுரை காற்றோட்டத்தில் நீண்ட கீற்றுகளாகக் கிழிந்தும் கிடந்தது. இவை 8-ஆம் எண் காற்றுக்கு உரிய அடையாளங்கள். மேலே பார்த்தால் ராயல் வரை எல்லாப் பாய்களும் ஒரு மடிப்புகூட இல்லாமல் விரிந்திருந்தன. அந்தக் காற்றில் அப்படிப் போகும் கப்பலின் மேல்மரங்கள் முறிந்து விழுந்திருக்கும். அலையின் சீற்றம் அழகாக வந்திருந்ததும் உண்மை, விரிந்த பாய்களின் அடுக்கு அழகாக வந்திருந்ததும் உண்மை. இரண்டையும் விட மனமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொண்டேன் என்பதே நடந்தது.

ஓவியனுக்கு இவ்வளவு கணக்கு தேவையா என்று கேட்கலாம். ஆங்கில ஓவியர் டர்னர் 1839-இல் காட்சிக்கு வைத்த டெமெரேர் ஓவியத்தில், உடைக்க இழுத்துச் செல்லப்படும் அந்தப் பழைய போர்க்கப்பலுக்கு மரங்கள் முழுமையாக இருக்கின்றன, இழுப்பது ஒரே ஒரு நீராவிப் படகு. உண்மையில் மரங்கள் முன்பே கழற்றப்பட்டிருந்தன, இழுத்தவை இரண்டு படகுகள். அது தெரிந்து எடுத்த உரிமை, அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. என் கொடி பின்னோக்கிப் பறந்ததற்கு அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. மறுபுறம், டச்சுக் கடல் ஓவியர்களான வான் டெ வெல்டே தந்தையும் மகனும் இருக்கிறார்கள். தந்தை 1666-இல் நடந்த நான்கு நாள் கடற்போரின்போது ஒரு சிறு கப்பலில் இருந்தபடியே வரைபடங்கள் எடுத்தவர். 1674-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் கொடுத்தார்: போர்க் காட்சிகளை வரைபடமாக எடுப்பதற்குத் தந்தைக்கு, அவற்றை வண்ணத்தில் தீட்டுவதற்கு மகனுக்கு. நேரில் கண்டதை எழுதி வைப்பதும் அதை ஓவியமாக்குவதும் தனித்தனிச் சம்பளத்துக்கு உரிய தனித்தனி வேலைகளாகக் கருதப்பட்டன என்பது எனக்கு இப்போது வேறு விதமாகப் படுகிறது. நான் முதல் வேலையைச் செய்யாமலேயே இரண்டாவதில் இறங்கியிருந்தேன்.

திருத்தத்தின் முடிவு

தூரிகையைத் தொடுவதற்கு முன், ஒரு தாளில் காட்சியை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தேன்: பார்ப்பவரின் கண், இரண்டு கப்பல்கள், சூரியன், காற்றுக்கு ஓர் அம்புக்குறி. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரண்டு பாய்க்கப்பல்களும் ஒரே காற்றில் ஓட வேண்டுமானால், அந்தக் காற்று இரண்டுக்கும் பக்கவாட்டில் வீச வேண்டும். அதாவது, பார்ப்பவரிடமிருந்து அடிவானத்தை நோக்கியோ அடிவானத்திலிருந்து பார்ப்பவரை நோக்கியோ வீச வேண்டும். ஏற்கெனவே அலைகள் நம்மை நோக்கி வருகின்றன. அவற்றில்தான் நான்கு வார உழைப்பு இருக்கிறது. எனவே அலைகளின் சாட்சியை ஏற்று, மற்ற மூன்றையும் மாற்றினேன்.

இந்த முடிவிலிருந்து பல விவரங்கள் தாமாகவே வந்தன. கப்பல்கள் இப்போது நம்மை நோக்கிச் சாயும், மேல்தளத்தின் ஒரு பகுதி தெரியும். பாய்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான பருமல்களின் தொலைமுனை முன்னோக்கியும் நம் பக்க முனை பின்னோக்கியும் திருப்பப்பட்டிருக்கும். பாய்கள் நம்மை நோக்கிப் புடைத்து, தம் உப்பிய பக்கத்தைக் காட்டும். பிரிக்கின் கொடி நம்மை நோக்கிப் பறந்து, கப்பலின் ஓட்டத்தால் சற்றே இடப்பக்கம், பின்னோக்கி ஒதுங்கும். என் பழைய கொடி முற்றிலும் பொய் சொல்லவில்லை என்பது இங்கே ஒரு சிறு ஆறுதல். சூரியன் இடப்பக்கத்தில், கப்பல்களுக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால், வெளிச்சம் பிரிக்கின் பாய்த்துணியை ஊடுருவி நம் பக்கம் வரும். முதல் ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளையைத் தடிப்பாகப் பூசி அவற்றைச் சுண்ணாம்புச் சுவராக்கியிருந்தேன்.

வலிமையைப் பொறுத்தவரை 6-ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். ராயல் பாய்களை பருமலோடு சுருட்டிக் கட்டினேன், டாப்செயில்களில் ஒரு மடிப்பு போட்டேன். பிரிக்கின் அருகே அலைகளை 3 மீட்டருக்கு, அதாவது 3.5 செ.மீ.க்கு இறக்கினேன். கீற்று நுரையை எடுத்துவிட்டு முகடுகளில் மட்டும் வெள்ளையை விட்டேன்.

கேன்வாஸின் மேல் நடந்தது

எண்ணெய் வண்ணத்தில் ஒன்றை மாற்றுவது என்பது அதன் மேல் வேறொன்றைப் பூசுவது மட்டும் அன்று. காய்ந்த பூச்சின் மேடுகள் மேலே எதைப் பூசினாலும் பக்கவெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். அதோடு, ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய்ப் பூச்சு ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், மறைத்த உருவம் பின்னாளில் நிழலாக மேலே வரும். எனவே பார்க் முழுவதையும், பிரிக்கின் கொடியையும், பாய்களின் தடித்த பகுதிகளையும் வளைந்த முனை கொண்ட சவரக் கத்தியால் படுக்கையாகச் சுரண்டினேன். பார்க்கை 1 செ.மீ. கீழே இறக்கி வரைந்த அன்று மாலையே, அதற்குப் பின்னால் கடல் நீண்டு கிடப்பது தெரிந்தது. அதன் விளிம்புகள் முன்பைவிடக் கூர்மையாகவே இருந்தும் அது நீரில் அமர்ந்துவிட்டது.

பொருள் சார்ந்த பிழை ஒன்றும் இருந்தது. முதல் முறை கயிறுகளை வரைந்தபோது, கோடு தூரிகையைவிட்டு இறங்கியதும் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. வானத்தைப் பூசும்போது வண்ணம் வழுக்கிச் செல்ல வேண்டும் என்று ஆளிவிதை எண்ணெயை அதிகம் சேர்த்திருந்தேன்; கண்ணாடிபோல் காய்ந்த அந்தப் பரப்பின் மேல் டர்பன்டைனில் கரைத்த மெலிந்த கோடு ஒட்ட மறுத்தது. மெலிந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே என்ற பழைய விதியை நான் தலைகீழாக்கியதன் பலன் அது. இந்த முறை வானத்தின் அந்தப் பகுதியை மிக நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்த்து, துடைத்து, கயிற்று வண்ணத்தில் சில சொட்டு எண்ணெய் சேர்த்தேன்.

கயிறுகளுக்கு ரிக்கர் தூரிகையைவிடப் பொருத்தமானது இல்லை. கப்பலின் கயிற்று அமைப்பை வரையப் பயன்பட்டதாலேயே அதற்கு அந்தப் பெயர். நீண்ட மெல்லிய மயிர் கொண்ட அந்தத் தூரிகையில், மை போல் ஓடும் பதத்துக்குக் கரைத்த வண்ணத்தை அடிவரை நிரப்பி, கையைத் தாங்கும் கோலான மால்ஸ்டிக்கின் மேல் மணிக்கட்டைத் தாங்கி, விரலை அசைக்காமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது கோடு நேராக வருகிறது, அடக்கிக்கொண்டால் நடுங்குகிறது. ஒரே கோட்டில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் கயிறு தொய்வதும் இறுகுவதும் தெரியும். ஸ்கேல் வைத்து இழுத்த கயிறு கம்பிபோல் நிற்கும். மரத்தை நிலையாகத் தாங்கும் கயிறுகள் தார் பூசப்பட்டுக் கருமையாக இருக்கும், பாயை இயக்கும் கயிறுகள் நாரின் வெளிர் நிறத்தில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு கலவைகள் போதும்.

எத்தனை கயிறு வரைவது என்பதிலும் அளவே விடை தந்தது. 3 செ.மீ. தடிமன் உள்ள கயிறு, பிரிக்கில் கேன்வாஸ் அளவுக்கு 0.35 மி.மீ.; தூரிகையின் முனை அதைச் சரியாகத் தரும். பார்க்கில் அதே கயிறு 0.06 மி.மீ.; அதைக் கோடாக வரைவதே பொய். முதல் ஓவியத்தில் பார்க்கிலும் ஒவ்வொரு கயிறாக வரைந்து, அதை ஒரு பொம்மைக் கப்பலாக்கியிருந்தேன். இப்போது மரங்களின் இருபுறமும் வானத்தைவிட ஓர் இழை கருத்த வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பிரிக்கின் கருத்த உடற்பகுதியில் ஆங்காங்கே பளபளப்பு இறங்கி, சாம்பல் பூத்த திட்டுகள் இருந்தன. கீழ்ப்பூச்சு மேல்பூச்சின் எண்ணெயை உறிஞ்சியதால் வருவது இது. பல நாள் நிறம் மாறிவிட்டதாக எண்ணி அந்த இடங்களில் மேலும் கருமை சேர்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, உபரியைத் துணியால் ஒற்றி எடுத்ததும் பழைய நிறம் திரும்பியது. சேர்த்த கருமையைத்தான் பிறகு அகற்ற வேண்டியிருந்தது. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெப்பம் வெளியிட்டே உலர்வதால், குவிந்து கிடக்கும் துணி தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும்; விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்து மூடிய உலோக டப்பாவில் போட்டோ அப்புறப்படுத்த வேண்டும்.

தற்போதைய நிலை

திருத்தத்துக்கு ஐந்து வாரங்கள் ஆயின. பெரியவரை மீண்டும் அழைத்துக் காட்டியபோது, முதலில் கொடியைப் பார்த்தார், பிறகு அலையை, பிறகு பாயை. அதன் பின் வெகுநேரம் பிரிக்கின் மேல்தளத்தைப் பார்த்துவிட்டு, "ராயலைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது, சரி. கட்டப் போன ஆட்கள் இன்னும் மரத்திலிருந்து இறங்கவில்லையா?" என்றார். தளத்தில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலின் அளவுப்படி ஒரு மாலுமியின் உயரம் 2 செ.மீ. சுக்கானில் ஒருவரும் முன்மரத்தின் அடியில் மூவருமாக நான்கு பேரைச் சேர்த்திருக்கிறேன். சுரண்டிய பழைய கொடியின் ஓரம், சன்னலுக்குப் பக்கவாட்டில் படத்தைப் பிடித்தால், ஒரு மயிரிழை மேடாக இன்னும் தெரிகிறது. வார்னிஷ் பூசக் குறைந்தது ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அதை மறுபடியும் சுரண்டுவதா என்று முடிவு செய்யவில்லை.